மரமே இல்லாத கூரை

சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பெயர்களைத் தேடுவார்கள். ராபர்ட் கிளைவுக்கு 1753-ல் திருமணம் நடந்த இடம், தாமஸ் மன்றோ அடக்கமான இடம் என்று. பெயர்கள் இருக்கட்டும். முதலில் அண்ணாந்து கூரையைப் பாருங்கள். இந்தக் கட்டடத்தின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

1678 மார்ச் 25-ல் வேலை தொடங்கியது. அப்போதைய ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்களிடம் நன்கொடை திரட்டித்தான் கட்டினார். 1680 அக்டோபர் 28-ல் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. வரைபடம் போட்டவர் கோட்டையின் பீரங்கிப் படைத் தலைவர் எட்வர்ட் ஃபௌல் என்று கருதப்படுகிறது. கட்டடத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் பெரிய கூடத்துக்குக் கூரை என்றால் மர உத்திரம்தான். ஆனால் கோட்டைக்குள் குண்டு விழுந்தால் முதலில் பற்றிக்கொள்வதும் அந்த மரம்தான். அதனால் மரத்தையே ஒதுக்கிவிட்டார்கள். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு, குழாயை நெடுக்குவாட்டில் பாதியாகப் பிளந்து கவிழ்த்ததுபோல மூன்று நீண்ட வளைவுகள், பக்கத்தில் பக்கத்தில். கனம் சுமார் 2 அடி.

இப்படிப்பட்ட வளைவு கீழ்நோக்கி மட்டும் அழுத்தாது. கால் ஊன்றும் இடத்தில் பக்கவாட்டிலும் தள்ளும். நடு வளைவு வெளியே தள்ளுவதை இரு பக்க வளைவுகளும் எதிர்த்துத் தள்ளிச் சமன் செய்கின்றன. அதனால்தான் உள்சுவர்களில் தாராளமாகத் திறப்புகள் விட முடிந்தது. மிச்சத் தள்ளல் முழுவதும் வெளிச்சுவருக்குப் போகிறது. அது சுமார் 4 அடி கனம் இருப்பதற்குக் காரணம் இதுதான். வெளியே தெரியும் கூர்முனைக் கோபுரம் மிகவும் பிந்தியது, 1795-ல் வந்தது.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரி வரை குண்டு விழுந்தது. கோட்டைக்குள் பல கட்டடங்கள் சிதைந்தன. இந்தக் கூரை நின்றது.

அடிபட்டது கல்லறைகள்தான். பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்பாடு சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. உயரமான கல்லறைகளின் மறைவில் பிரெஞ்சுப் படை பதுங்கியது. மறுபடி அப்படி நடக்கக் கூடாதென்று அவற்றை இடித்துவிட்டு, பெயர் பொறித்த பலகைக் கற்களை மட்டும் கொண்டுவந்து ஆலயத்தைச் சுற்றித் தரையில் பதித்தார்கள். ஆங்கிலம் மட்டுமல்ல, லத்தீன், போர்த்துகீசிய வாசகங்களும் அவற்றில் உண்டு. போகும்போது ஓரமாக நடங்கள். நம் செருப்புக்கு அந்த எழுத்துகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன.