கோழித் தீவனத்தில் மூலிகை: காணிகளுக்குப் பங்கு கிடைக்குமா?

புது தில்லி: கோழித் தீவனத்தில் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கலக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2019 ஜூலையில் தடை விதித்தது. வேறு மருந்துகள் பலிக்காத நோயாளிகளுக்குக் கடைசியாகக் கொடுக்கப்படும் அம்மருந்தை, கோழிகள் விரைவில் எடை கூடுவதற்காகப் பண்ணைகள் பயன்படுத்தி வந்தன. தில்லியிலுள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2014-இல் தலைநகர் வட்டாரத்தில் சோதித்த 70 கோழி இறைச்சி மாதிரிகளில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது.

இதற்கு மாற்றாக முன்வைக்கப்படுபவை மூலிகைத் தீவனச் சேர்க்கைகள். மஞ்சள், பூண்டு, நிலவேம்பு, கீழாநெல்லி என நாட்டுப்புறம் நெடுநாளாக அறிந்தவையே இவற்றில் மிகுதி. தடுப்பூசிக்கும் பண்ணைச் சுகாதாரத்துக்கும் இவை ஈடாகா என்பது வேறு விஷயம். இந்த அறிவைத் தந்தவர்களுக்கு வணிகத்தில் என்ன பங்கு என்பதே இப்போதைய கேள்வி.

அதற்கு முன்னுதாரணம் அகத்திய மலையில் இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில், தேயிலைத் தோட்டம் முடங்கிப்போன போனக்காட்டிலிருந்துதான் அகத்தியர்கூடம் செல்லும் மலைப்பாதை தொடங்குகிறது. இம்மலைக் காடுகளில் 1987-இல் ஆய்வு நடத்திய விஞ்ஞானிகள், உடன்வந்த காணிப் பழங்குடியினர் களைப்பின்றி நடப்பதைக் கவனித்தனர். அவர்கள் மென்று தின்றது ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் காய்.

பாலோடு தாவரவியல் பூங்கா, அச்செடியைக் கொண்டு 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. தயாரிப்பு உரிமம் 1995-இல் ரூ.10 லட்சத்துக்கும் 2 சதவீத உரிமத்தொகைக்கும் கோவை நிறுவனம் ஒன்றுக்கு அளிக்கப்பட்டது. வருவாயில் சரிபாதி காணிகளுக்கு என முடிவாகி, 1997-இல் அறக்கட்டளையும் அமைந்தது. செடியைச் சேகரிப்பதற்கு வனத்துறை ஆட்சேபம் தெரிவித்ததால், எதிர்பார்த்த அளவு பணம் வரவில்லை. ஆயினும் சட்டம் பிறக்கும் முன்பே பங்கு கொடுத்த ஏற்பாடு அது.

சட்டம் வந்தது 2002-இல். உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் கீழ் இந்திய நிறுவனங்களும் பங்கு தரவேண்டும் என்று உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. பிறகு திருத்த மசோதா வந்தது. சஞ்சய் ஜெய்ஸ்வால் தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக்குழு அதை ஆராய்ந்தது. 2023 ஜூலை 25 அன்று, மணிப்பூர் விவகாரத்தில் எதிர்க்கட்சிகளின் அமளிக்கிடையே மக்களவை குரல் வாக்கெடுப்பில் அதை நிறைவேற்றியது. பழங்குடியினரின் உரிமையைத் தொடும் மசோதாவுக்கு அவை ஒதுக்கிய நேரம் போதாது.

திருத்தத்தின்படி, ஏட்டில் ஏறிய பாரம்பரிய அறிவுக்கும் சாகுபடி செய்யப்படும் மூலிகைகளுக்கும் பங்கு தரவேண்டியதில்லை. எந்த ஏடுகள் என்பதற்கு, மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் முதல் அட்டவணையே அளவுகோல். அகத்தியர் பெயரிலான சித்த மருத்துவ நூல்களும் அதில் உள்ளன. தீவனத்தில் சேரும் மூலிகைகளில் பெரும்பாலானவை இத்தகைய நூல்களில் இடம்பெற்றவை என்பதால், அவற்றைக் கலக்கும் நிறுவனங்கள் இந்த விலக்கைக் கோர வழி பிறந்திருக்கிறது.

அகத்தியரின் மலையில் வாழும் காணிகளின் அறிவோ பெரும்பாலும் வாய்மொழி. அதற்கு இந்த விலக்கு பொருந்தாது. ஆனால், அதே செடி நூலிலும் இருந்தால் நிறுவனம் நூலையே காட்டும். காட்டில் கற்றதே என்று நிரூபிக்கும் சுமை காணிகளின் தலையில் விழும். அவர்களிடம் இருக்கக்கூடிய ஒரே ஆவணம், உள்ளாட்சிக் குழுக்கள் தயாரிக்க வேண்டிய மக்கள் பன்முகத்தன்மைப் பதிவேடு.