செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்

வாங்க, வாங்க, சத்தம் போடாமல் உள்ளே வாங்க! மலைக்குப் போகிற மருத்துவக் குழு மூட்டை கட்டும் அறைக்குள் நம்மை விட்டிருக்கிறார்கள். அம்பாசமுத்திரம் இன்னும் காலைக் காப்பியே குடித்து முடிக்கவில்லை. இங்கே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் எல்லார் நெற்றியிலும் வியர்வை. மேசை மேல் தடுப்பூசிப் பெட்டி, ரத்த அழுத்தக் கருவி, இரும்புச்சத்து மாத்திரை அட்டைகள், பாலிதீன் உறைக்குள் பதிவேடுகள், காலில் ஏறும் அட்டைகளுக்காக ஒரு உப்புப் பொட்டலம். மூலையில் ஒரே பிளக் பாயின்ட்டுக்கு மூன்று பேர் சண்டை.

"எம் போனுக்குத்தான் மொதல்ல சார்ஜ் ஏறணும். இது செத்துப்போனா மலையில உள்ள அத்தனை பேரு கணக்கும் அங்கனயே நின்னுரும்லா!" என்கிறார் கிராம சுகாதார செவிலியர். குழுவில் எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். போனுக்கு இரண்டு பாலிதீன் உறை போட்டாயிற்று. அவருடைய குடையைத்தான் காணோம்.

ஜீப் கிளம்புகிறது. வி.கே.புரத்தில் ஆலைச் சுவரோரம் போன் ஓயாமல் சிணுங்குகிறது. பாபநாசம் வனத்துறைச் செக்போஸ்ட்டில் பெயர் எழுதிவிட்டு மேலே ஏறினால், ஒவ்வொரு வளைவிலும் சிக்னல் கோடு ஒன்று குறைகிறது. முண்டந்துறைப் பக்கம் போகும்போது டிரைவர் அண்ணாச்சி அறிவிக்கிறார்: "டவர் போயிட்டு. இனிமே எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துப் பேசுங்க." தினமும் சொல்கிற நகைச்சுவையாம். ஆனாலும் எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும்தான்.

மயிலாறு, காணிப் பழங்குடியினரின் குடியிருப்பு. மரத்தடியில் பெஞ்சு போட்டதும் ஆஸ்பத்திரி தயார். ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. சிஸ்டர் முகத்தில் எதையும் காட்டாமல், "கொஞ்ச நேரம் உக்காரு தாயி, திரும்பப் பாப்போம்" என்கிறார். இரண்டாம் தடவையும் அதே அளவு. பதிவேட்டில் எழுதுகிறார், அந்தப் பக்கத்தைப் படம் பிடிக்கிறார், டாக்டர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புகிறார். செய்திக்குப் பக்கத்தில் சின்னக் கடிகாரம் தோன்றி அப்படியே நிற்கிறது. போகவில்லை, காத்திருக்கிறது. அடுத்து ஒரு குழந்தைக்கு ஊசி. அதன் அலறலில் எங்கிருந்தோ நாய்கள் குரைக்கின்றன. பாட்டி ஒருத்தி அவித்த மரச்சீனியும் கட்டஞ்சாயாவும் கொண்டுவந்து வைத்து, சாப்பிட்டால்தான் கையை நீட்டுவேன் என்று சிஸ்டரை மிரட்டுகிறாள்.

அந்தக் கடிகாரத்தைப் பார்த்ததும் எனக்கு வேறொரு கதை ஞாபகம் வந்துவிட்டது. சொல்லாமல் இருக்க முடியவில்லை. அணு ஆயுதத்துக்கு எதிராக மருத்துவர்களைத் திரட்டி, 1985இல் அமைதி நோபல் பெற்ற அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர் பெர்னார்ட் லவுன் என்ற அமெரிக்க இதயநோய் மருத்துவர். விண்வெளி ஆயுதத்துக்கு அல்ல, மருத்துவத்துக்கு என்று சொல்லி அவர் தொடங்கிய அமைப்புதான் சாட்டல்லைஃப். 1993 செப்டம்பரில் ஏரியான் ராக்கெட்டில் அவர்களுடைய ஹெல்த்சாட்-2 செயற்கைக்கோள் ஏறியது. எடை சுமார் 50 கிலோதான்! பூமியிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் உயரத்தில், 100 நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஆப்பிரிக்காவில் தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாத ஊர்களின் மருத்துவர்கள் கடிதத்தைக் கணினியில் தட்டிவைத்துக் காத்திருப்பார்கள். செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் அந்தச் சில நிமிடங்களில் ரேடியோ வழியாகக் கடிதம் மேலே ஏறும். வேறொரு நாட்டின் மேல் போகும்போது கீழே இறங்கும். பதிலும் அப்படித்தான். உடனே அல்ல, ஆனால் கட்டாயம் வரும்.

நம்முடைய இந்த ஜீப்தான் இந்த மலையின் ஹெல்த்சாட். சேர்த்துவைத்துக்கொண்டு சுற்றிவந்து, எட்டும் இடத்தில் இறக்கிவிடுகிறது. இந்தப் பள்ளத்தாக்குக்கு இது பழகிய வேலைதான். காரையாறு அணையைப் படகில் தாண்டி, காட்டுக்குள் நடந்து, இஞ்சிக்குழியில் தனியாக வாழ்ந்த மூதாட்டிக்கு உதவித்தொகையைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்த பாபநாசம் மேலணைத் தபால்காரரைப் பற்றி 2021இல் பத்திரிகைகள் எழுதினவே!

இறங்குகிறோம். ஒரு வளைவில் யாரும் சொல்லாமலே அண்ணாச்சி வண்டியை ஓரங்கட்டுகிறார். இங்கேதான் சிக்னல் எட்டிப்பார்க்குமாம். எல்லாரும் குதித்து இறங்கி போனைத் தூக்கிப் பிடிக்க, சிஸ்டர் மட்டும் ஒரு குறிப்பிட்ட கல்லின் மேல் ஏறி நிற்கிறார். "அதுல நின்னாத்தான் போகும்," என்று பக்கத்திலிருந்த தன்னார்வலர் அக்கா என் காதில் சொல்கிறார். கடிகாரம் மறைந்து ஒற்றை டிக் விழுகிறது. இன்னொன்று. "போயிட்டு, போயிட்டு!" கைதட்டல், எனக்கும் கை வலிக்கும் அளவுக்கு.

கொஞ்ச நேரத்தில் டாக்டரின் பதில்: அந்தப் பெண்ணை நாளைக்கே அம்பை அரசு மருத்துவமனைக்கு அழைத்து வரவும். தேவைப்பட்டால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்.

நல்ல பதில், ஆனால் நாம் இறங்கியாயிற்று, அவள் மேலே இருக்கிறாள். எனக்கு இந்த இடத்தில்தான் கோபம் வருகிறது. இதே மாவட்டத்து மகேந்திரகிரியில்தான் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதித்துப் பார்க்கிறது. போர்ட்பிளேர் ஜி.பி.பந்த் மருத்துவமனையைச் சென்னை போரூரின் ராமச்சந்திரா மருத்துவமனையோடு செயற்கைக்கோள் வழியாக எப்போதோ இணைத்துவிட்டார்கள். 2022இல் ஐபோனே ஆபத்து நேரத்தில் நேராகச் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கிவிட்டது. அப்படியொரு கருவி முதலில் வந்து சேர வேண்டிய கை, கல்மேல் நிற்கிற இந்தக் கைதான்.

சிஸ்டருக்குக் கோபப்பட நேரமில்லை. பதிவேட்டின் பின்தாளைக் கிழித்து மடமடவென எழுதுகிறார். எதிரே காரையாறு பஸ் முக்கி முனகி ஏறி வருகிறது. கையைக் காட்டுகிறார், பஸ் நிற்கிறது. கண்டக்டர் சீட்டை வாங்கி, மேல்விலாசம் கேட்காமலே டிக்கெட் பைக்குள் செருகுகிறார்.

"யாருக்குன்னு தெரியும் சிஸ்டர். போன வாரமும் நாந்தான கொண்டுபோனேன்?"

"அவ புருஷன் கையில குடுங்க அண்ணாச்சி. நாளைக்குக் காலையில மொத பஸ்ஸு."

"இந்த வண்டிதான் திரும்பி வரும். நானே ஏத்திட்டு வாரேன், போதுமா?" விசில் ஊதுகிறார். நம்ம சிஸ்டர் அதற்குள் ஜீப்பில் ஏறி, நாளைக் காலை அந்தப் பெண்ணோடு யார் போவது என்று தன்னார்வலர் அக்காவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.