பாடத்துக்கு நடுவே பட்சிகள்

பள்ளிக்கூடத்துக்கு வாயில்காப்போன் உண்டு. வீட்டுக் கூடத்தில் நடக்கும் பாடத்துக்கு அந்தப் பாதுகாப்பு ஏது? 2020-ல் தொற்றுநோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, நம் வீட்டுப் பூனைகள் திறந்திருக்கும் புத்தகத்தையே தேடிவந்து படுத்துக்கொண்டதை நாம் மறந்துவிடவில்லை.

இந்தத் தொல்லையைப் பூரணமாக அனுபவித்த குடும்பம் ஒன்று உண்டு. 1925-ல் நமது ஜாம்ஷெட்பூரில் பிறந்த ஜெரால்ட் டரல் என்ற ஆங்கிலேயச் சிறுவன், 1935-ல் தாயாருடன் கிரேக்க நாட்டுக் கார்பூ தீவுக்குக் குடிபோனான். 1939 வரை அவனுக்கு வீட்டுப் படிப்புத்தான். அந்த விநோதங்களை அவரே பெரியவரான பின், 1956-ல் வெளியிட்ட நூலில், சற்றே மெருகேற்றி ஹாஸ்யமாக வர்ணித்திருக்கிறார்.

தீப்பெட்டிக்குள் அவன் வைத்திருந்த தேளும் குஞ்சுகளும் சாப்பாட்டு மேஜையில் வெளிப்பட்டன, வீடே அல்லோலகல்லோலப்பட்டது. அவன் வளர்த்த காக்கை இனத்துப் பட்சிகள் இரண்டு, எழுத்தாளரான தமையன் லாரன்ஸின் அறையில் புகுந்து கையெழுத்துப் பிரதிகளைச் சூறையாடின. உபாத்தியாயர் பாடுதான் என்ன? வெறும் கணக்கென்றால் பையன் அசையமாட்டான். ஆகவே, இத்தனை கம்பளிப்புழு இத்தனை இலையைத் தின்ன எத்தனை நாளாகும் என்று கேட்க வேண்டியதாயிற்று! வேறோர் ஆசிரியரோ தம் வீட்டு மாடி நிறையப் பறவைகளை வளர்த்தவர். அவரே பாடத்தை நிறுத்திவிட்டு இரை போடப் புறப்பட்டால் மாணவனைக் கண்டிப்பவர் யார்?

இப்படி வளரும் பிள்ளை எப்படிப் பிழைப்பான் என்று கவலைப்படாத பெற்றோர் உண்டோ? நல்லவேளையாக, 1896-ல் பம்பாயில் பிறந்த தியோடர் ஸ்டெபனிடீஸ் என்ற வைத்தியர் அந்தத் தீவில் இருந்தார். சிறுவனின் கேள்விகளைத் தொல்லையாக எண்ணாமல், அவனோடு குளத்து நீரையும் பூச்சிகளையும் ஆராய்ந்தார்.

எந்தச் சர்வகலாசாலையிலும் படித்துத் தேறாத டரல், 1959-ல் ஜெர்ஸி தீவில் மிருகக்காட்சிசாலை ஒன்றைத் திறந்தார். அழியும் இனங்களைக் காப்பதே அதன் நோக்கம். மோரீஷஸ் தீவின் இளஞ்சிவப்புப் புறா, 1990-ஐ ஒட்டிக் காட்டில் சுமார் 10 மட்டுமே எஞ்சியிருந்தது; இன்று நூற்றுக்கணக்கில் பறக்கிறது. அந்த மீட்பில் ஜெர்ஸியின் பங்கு பெரிது.

எல்லாக் குழந்தைகளும் டரல் ஆகிவிடமாட்டார்கள். கணக்கும் இலக்கணமும் வேண்டியவையே. ஆகவே, பூனையைப் புத்தகத்தினின்று இறக்கிவிடுவோம். ஆனால் அதன் மீசை எதற்கென்று குழந்தை கேட்டால், இருட்டில் வழி தடவிப் பார்க்க என்று சொல்லிவிட்டு, அப்புறம் வாய்பாட்டைத் தொடங்குவோம்.