தவளை இல்லீங்க, கோழி!

ஆடி மாதம் பெரியபாளையம் போகிறவர்கள் கண்ணுக்கு பவானி அம்மனும் வேப்பிலையும்தான் தெரியும். கூட்டத்தை விட்டு ஆரணியாற்றுப் பக்கம் ஒதுங்கி, காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டு நில்லுங்கள். 'க்ர்ர்... க்வாக்... க்வாக்... க்வாக்...' யாரோ துருப்பிடித்த அடிபம்பை விடாமல் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

'பெரிய சைஸ் தவளை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சார் பெயர் கானாங்கோழி. ஒரு அடி உயரம்கூட இல்லாத உடம்புக்கு இத்தனை தொண்டை!

முன்னாலிருந்து பார்த்தால் முகம், கழுத்து, மார்பு எல்லாம் சலவை வெள்ளை. முதுகில் சிலேட்டு நிறக் கோட்டு. ரிசப்ஷனுக்குக் கிளம்பிய மாப்பிள்ளையேதான். ஆனால் திரும்பி நடந்தால் மானம் போச்சு... வாலுக்கு அடியில் செங்கல் நிறம்! அதை மறைக்கவாவது தோன்றுகிறதா? அடிக்கொரு தரம் வாலை வெடுக் வெடுக்கென்று தூக்கிக் காட்டிக்கொண்டே நடக்கிறது. அலகு மஞ்சளும் பச்சையும்; மேலலகின் அடியில் வெற்றிலை போட்ட மாதிரி சிவப்பு. நெற்றியே சிவப்பாக இருந்தால் அது தாழைக்கோழி. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை என்றால் நாமக்கோழி. சங்கப் பாட்டில் வரும் 'கம்புள்' இதில் எது என்று புலவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நமக்கெதுக்கு வம்பு!

மலாய்க்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'ருவாக் ருவாக்'. சிங்களத்தில் 'கொரவக்கா'. சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், கோழியே திரும்பிப் பார்க்கும்.

வெயில் காலத்தில் பெரும்பாலும் மௌன விரதம். மழை தலைகாட்டியதும் புதர் உச்சியில் ஏறி, விடியலிலும் சாயங்காலமும், சில நாள் ராத்திரியிலும் கச்சேரி. ஆரம்பித்தால் கால் மணி நேரம்கூட நீளும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கும் தம்பிகள் குரலைக் கேட்டிருப்பார்கள், ஆளைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கச்சேரி சும்மா இல்லை. குடித்தனம் ஆரம்பம் என்று அர்த்தம். ஜூனிலிருந்து அக்டோபர் வரை, குட்டையோரக் கோரையிலும் சம்பிலும் கூடு கட்டி ஆறேழு முட்டை இடும். அடைகாப்பதில் அப்பா, அம்மா இருவருக்கும் ஷிப்ட் உண்டு.

சரியாக அதே மாதங்களில்தான் நமக்கும் ஞானோதயம் வருகிறது. 'மழை வரப்போவுது, வாய்க்காலைச் சுத்தம் பண்ணு!' ஜே.சி.பி. வரும். சாயங்காலத்துக்குள் இரண்டு கரையும் மொட்டை. பக்கத்து மனைக்காரர், 'பாம்பு வரும் சார்' என்று மிச்சப் புதருக்குத் தீ வைப்பார். கோழியைப் பிடித்தால் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். கூடிருக்கும் புதரைக் கொளுத்தினால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

தூர் வார வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் ஓடுகிற நடுப்பகுதியை வாருங்கள். ஒரு கரைப் புதரையாவது பொங்கல் வரை விட்டுவைத்தால், குஞ்சுகள் அதற்குள் வளர்ந்து இடத்தைக் காலி பண்ணிவிடும்.

குஞ்சுகளா? கரித்துண்டுக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். ரோட்டோரம் தனியாகத் தட்டுப்பட்டால், 'ஐயோ பாவம், அனாதை' என்று தூக்கிப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். பத்தடி தள்ளி நில்லுங்கள். அம்மாக்காரி பெரும்பாலும் பக்கத்துப் புதருக்குள்தான் இருப்பாள், நீங்கள் எப்போது நகர்வீர்கள் என்று பார்த்தபடி.