உயிர்காப்புச் சான்றிதழ்

என்னிடம் பயின்று பின்னர்ச் செவிலியர் பட்டம் பெற்ற பெண் ஒருத்தி, அண்மையில் புதுக்கோட்டையில் உள்ள என் இல்லத்திற்கு வந்தாள். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னவள், ஒரு குறையையும் சொன்னாள். “வேலையில் சேருமுன் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் காட்டவேண்டுமாம், ஐயா. கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது காலாவதியாகிவிட்டது என்கிறார்கள். கற்ற கல்வி காலாவதியாகுமா?” என்று கேட்டாள்.

கேள்வி நியாயமானதே. விடை காணச் சற்றுப் பின்னே செல்லவேண்டும்.

இதயம் நின்றதும் மூளைக்குக் குருதி செல்வது நின்றுவிடுகிறது. நான்கைந்து நிமிடங்களில் மூளையின் உயிரணுக்கள் அழியத் தொடங்குகின்றன. தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் 108 ஊர்தி ஓடுகிறது. நம் ஊரில் 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆயினும் மணமேல்குடிப் பக்கத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றிற்கு நான்கு நிமிடத்தில் ஊர்தி வந்து சேர்வது அரிது. மருத்துவமனைக்கு உள்ளேயும் நோயாளியின் கட்டிலருகே முதலில் நிற்பவர் பெரும்பாலும் செவிலியரே. மருத்துவர் வரும்வரை அந்தக் கைகளே இதயத்தின் வேலையைச் செய்தாகவேண்டும்.

இம்முறை மிகப் பழையதன்று. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் இதயம் நின்றால், மார்பைத் திறந்து அதைக் கையால் பிசைவதையே மருத்துவர் பெரிதும் நம்பியிருந்தனர். 1960-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கூவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்னும் மூவர், மார்பைத் திறவாமல் வெளியிலிருந்து அழுத்தினாலே குருதி ஓடும் என்று எழுதினர். ஆய்வில் ஒரு நாயின் மார்பில் மின்முனைகளை வைத்து அழுத்தியபோது, மின்சாரம் பாயுமுன்னரே குருதியழுத்தம் உயரக் கண்டதுதான் தொடக்கம். மூவருள் முதல்வர் மருத்துவர் அல்லர், மின்பொறியாளர்! அதே ஆண்டு நார்வே நாட்டுப் பொம்மை உற்பத்தியாளர் லேர்டால், பழகுவதற்கென ஆளளவுப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார்.

சொல்வதற்கு முறை எளிது. மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, முழங்கை மடங்காமல், பெரியவர்க்கு 5 செ.மீ.க்குக் குறையாமலும் 6 செ.மீ.க்கு மிகாமலும் அழுத்தவேண்டும். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் மார்பு முழுவதும் மேலெழ விடவேண்டும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தங்களுக்கு இரு மூச்சு ஊதுவர். பயிற்சி பெறாத பொதுமக்கள் அழுத்தினால் மட்டும் போதும் என்று இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2017-இல் வழிகாட்டியது.

செய்வதோ வேறு. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நானும் முதலுதவிச் சான்றிதழ் பெற்றவன். அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். பல்லாண்டு கழித்து, ஒரு நாள் காலை இறைவணக்கத்தின்போது உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் சரிந்து விழுந்தார். விசிறினோம், முகத்தில் நீர் தெளித்தோம், யாரோ கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். மருத்துவமனை சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது. அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல இயலாது. நாங்கள் அழுத்தவில்லை என்பது எனக்குத் தெரியும்.

கை பழகாததை விரைவில் மறந்துவிடுகிறது. பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே திறன் தேயத் தொடங்குவதை ஆய்வாளர் பலர் கண்டுள்ளனர். அமெரிக்க இதயச் சங்கத்தின் சான்றிதழ் இரண்டாண்டே செல்லும் என்பதும் இதனால்தான். விதிகளும் மாறுகின்றன. 2005-க்கு முன் பெரியவர்க்கு 15 அழுத்தங்களுக்கு இரு மூச்சு. அவ்வாண்டு அது முப்பதாயிற்று. 2010-இல், மூச்சுக்கு முன் அழுத்தம் என்று வரிசையே மாறியது. இவற்றைச் சொன்னதும் அவள் அரை மனத்தோடு போனாள்.

அடுத்த வாரம் மீண்டும் வந்தாள். முதல் முறை அழுத்தியபோது ஆழம் போதவில்லை என்று பொம்மையின் விளக்கு காட்டிக்கொடுத்ததாம். மறுமுறைதான் தேர்வாளர் ஒப்புக்கொண்டாராம். கூடத்தில் ஒரு தலையணையைப் போட்டு எனக்கும் கற்றுக்கொடுத்தாள். இரண்டு நிமிடம் முடியுமுன் என் தோள்கள் வலித்துவிட்டன. அவள் விடவில்லை, எண்ணிக்கொண்டே இருந்தாள்.