ஒரே அலமாரியில் இரண்டு நகல்

வள்ளியாறு கடலில் சேரும் ஊர் கடியப்பட்டணம். கிழக்கே முட்டம், மேற்கே சின்னவிளை, பெரியவிளை. இந்தக் கரை 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையையும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலையும் கண்டது. பேரிடருக்குப் பிறகு நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் ஆவணம் காட்ட வேண்டும். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் ஊறிப்போவதும் ஆவணம்தான். இன்று அந்தக் காகிதங்களில் பாதி கைப்பேசிக்கும் கணினிக்கும் போய்விட்டன. படகுப் பதிவுச் சான்று, காப்பீட்டுப் பத்திரம், நலவாரிய அட்டை, சங்கக் கணக்கு, பங்கு அலுவலகப் பதிவேடு எல்லாமே ஏதோ ஒரு வட்டில் இருக்கின்றன. ‘பேக்கப் இருக்கிறது’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை நாம் மிகவும் தளர்வாகப் பயன்படுத்துகிறோம் என்பதே என் கவலை. மூலம் அழியும் அதே காரணத்தால் தானும் அழியக்கூடிய ஒன்று காப்பு ஆகாது. திரும்ப எடுத்துப் பார்த்திராத நகலும் அப்படித்தான்.

‘எங்கள் கணினியில் இரண்டு வட்டு போட்டிருக்கிறோம், ஒன்று போனாலும் மற்றது இருக்கும்’ என்பார்கள். இதன் பெயர் ரெய்டு. ஒரு வட்டு பழுதானால் வேலை நிற்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடு, அவ்வளவுதான். தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அழியும். தண்ணீர் ஏறினால் இரண்டும் நனையும். கைப்பேசிப் படங்கள் இணையக் கணக்கோடு ஒத்திசைவதும் இதே கதைதான்: இங்கே அழித்தது கொஞ்ச நாளில் அங்கேயும் இல்லாமல் போகும். உண்மையான காப்புக்கு நேற்றைய நிலை நினைவிருக்க வேண்டும். அதற்கு மூன்று வழி உண்டு. ஞாயிறுதோறும் கணக்குப் புத்தகம் முழுவதையும் படியெடுப்பது முழுக் காப்பு. அதன்பின் அன்றன்று எழுதியதை மட்டும் தனிச்சீட்டில் எடுப்பது இன்கிரிமென்டல். இதில் இடம் குறைவு; ஆனால் சனிக்கிழமை எல்லாம் போனால் ஞாயிற்றுப் படியோடு ஆறு நாள் சீட்டும் வேண்டும், நடுவில் ஒன்று காணாமல் போனாலும் சங்கிலி அறுந்துவிடும். ஞாயிற்றுக்குப் பின் மாறிய அனைத்தையும் தினமும் சேர்த்து எடுப்பது டிஃபரன்ஷியல். இடம் கூடுதலாகக் கேட்டாலும், மீட்க இரண்டே படிகள் போதும். சிறிய அலுவலகத்துக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். வட்டின் விலையைவிட அறுந்த சங்கிலியின் விலை அதிகம்.

காப்பு எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்பது இத்துறையில் பழகிப்போன கணக்கு. கடற்கரைக்காரர்களுக்கு இது புதிதன்று. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி ஒருவரின் திருமணம் நடந்த பங்கின் ஏட்டில் மட்டுமின்றி, அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கின் ஏட்டிலும் குறிக்கப்பட வேண்டும். இரண்டும் வேறு வேறு ஊராக இருந்தால், ஒரு கோவிலின் அலமாரி நனைந்தாலும் செய்தி மற்றதில் பிழைத்திருக்கும். அதே அறிவு கணினிக்கும் வேண்டும். வெளி வட்டைக் கணினியிலேயே செருகி வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். உப்புக்காற்றும் அதை அரிக்கும். படியெடுத்ததும் கழற்றி, ஒன்றை நாகர்கோவிலில் நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள். ஆதார் விவரங்கள் இருந்தால் கடவுச்சொல் போட்டே கொடுங்கள். கடவுச்சொல் தொலைந்தால் அந்த நகலும் தொலைந்தது.

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையை 2022 நவம்பர் 23 அன்று ரான்சம்வேர் தாக்கியது. 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. தாக்குதலுக்குத் தப்பிய ஒரு காப்பு சர்வர் இருந்ததால் நோயாளிகளின் தரவு மீண்டது. ஆனால் பெரும்பாலான சேவைகள் திரும்ப இரண்டு வாரம் ஆயிற்று. எவ்வளவு நேரத்து வேலையை இழக்கத் தாங்குவோம், எத்தனை நாள் மூடிக்கிடக்கத் தாங்குவோம் என்ற இரண்டு கேள்விகளையும் முன்பே கேட்டு வைக்க வேண்டியது இதனால்தான்.

‘அரசாங்கத்திடம் எல்லாம் இருக்கிறதே’ என்பதே நான் கேட்கக்கூடிய வலுவான மறுப்பு. அதில் பாதி உண்மை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 17-ஆம் பிரிவில், பதிவேட்டைத் தேடச் சொல்லிச் சான்றிதழ் பெறும் உரிமையை எவருக்கும் தருகிறது. 2015-இல் வந்த டிஜிலாக்கரில் துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணம் மூலத்துக்குச் சமம். ஆனால் நாமே படமெடுத்து ஏற்றியதற்கு அந்தத் தகுதி கிடையாது. அரசு வட்டும் எரியும்: 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகர அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்து, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் அழிந்தன. அளவு பெரிது என்பதால் வெளியே நகல் வைக்கவில்லை என்றார்கள்.

சட்டமும் ஓரளவுக்குத்தான் துணை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு திருடப்படுவதை மட்டுமல்ல, அது அழிவதையும் எட்டாமல் போவதையும்கூட மீறலாகக் கருதுகிறது. 2025 நவம்பரில் வந்த விதிகள் காப்பு நகலைப் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. அந்தக் கடமை 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். அது அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும், தரவை இழந்தவர் கைக்கு வராது. உங்கள் கணினித் தரவை யாரேனும் அனுமதியின்றி அழித்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரே தீர்ப்பு அலுவலராக விசாரிப்பார். இணையக் குற்றத்துக்கு 1930, நுகர்வோர் குறைக்கு 1915 எண்ணை அழைக்கலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: வட்டின் உத்தரவாதம் புது வட்டைத்தான் தரும், உள்ளே இருந்ததைத் தராது.

‘எங்களிடம் காப்பாற்ற என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் படகிலுள்ள ஜி.பி.எஸ். கருவியை எண்ணிப் பார்க்கட்டும். மீன் கூடும் பாறைகளின் புள்ளிகள் பல ஆண்டு உழைப்பால் அதில் சேர்ந்தவை. எந்தத் துறையும் அவற்றை வைத்திருக்காது, எந்த நகலும் கிடைக்காது. பல கருவிகளில் அவற்றை மெமரி கார்டுக்கு மாற்றலாம். முடியாவிட்டால் அட்சரேகை, தீர்க்கரேகையை நோட்டில் எழுதி வீட்டில் வைக்கலாம். பிறகு ஒருநாள் அந்த நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு பாறைக்குப் போய்ச் சேர முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.