சிதம்பரம் ஊரா, ஆளா?

"சிதம்பரத்துக்கு நேற்றே பணம் அனுப்பிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், பணம் போனது ஊருக்கா, ஆளுக்கா? அந்த வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. "சிதம்பரத்தில் கேட்டேன்" என்றால் ஊர், "சிதம்பரத்திடம் கேட்டேன்" என்றால் ஆள். 'இல்' வந்தால் ஊர், 'இடம்' வந்தால் ஆள் என்று தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. 'கு' வரும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. என் பெரியப்பா பெயர் சிதம்பரம். எங்கள் வீட்டில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். அதனால்தான் ஊர்ப்பெயர் எப்படி ஆட்பெயர் ஆகிறது என்று கவனிக்கத் தொடங்கினேன்.

பழனி, அண்ணாமலை, காசி, திருப்பதி, வேளாங்கண்ணி, நாகூர் மீரான் என்று ஊரைப் பெயரில் சுமப்பவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். ஆனால் ஈரோடு என்றோ திண்டுக்கல் என்றோ பிள்ளைக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. காரணம் எளிது. ஊர்ப்பெயர் நேராக ஆளிடம் வருவதில்லை. நடுவில் ஒரு சாமியோ, மாதாவோ, அவுலியாவோ இருக்க வேண்டும். பழனிக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைக்கு அங்கேயே முடியிறக்கி, பழனிச்சாமி, பழனிவேல், பழனியம்மாள் என்று பெயர் வைப்பார்கள். கூப்பிடக் கூப்பிட வால் உதிர்ந்து 'பழனி' மட்டும் மிஞ்சும். முருகன் வழியாக வந்த பெயரில் முருகன் மறைந்து, ஊர் நிற்கும்.

அண்ணாமலை இதில் கொஞ்சம் வேறு. திருவண்ணாமலையில் மலையே சிவன். அடிமுடி தேடியவர்களுக்கு எட்டாமல் நின்றதால், அண்ண முடியாத மலை, அண்ணாமலை என்பார்கள். அங்கே மலையின் பெயரும் சாமியின் பெயரும் ஒன்றே. எந்த வாலும் இல்லாமல் அது அப்படியே பிள்ளைக்கு வந்துவிடுகிறது. சிதம்பரத்தின் பழைய பெயரான தில்லையோ ஒரு மரம். பிச்சாவரம் உப்பங்கழியில் இன்றும் நிற்கிறது, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். அந்த மரத்தின் பெயர் ஊருக்கு வந்து, ஊரிலிருந்து தில்லைநாயகம் என்று ஆளுக்கும் வந்திருக்கிறது.

ஒருமுறை குடும்பத்துக்குள் நுழைந்த பெயர் லேசில் வெளியேறாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். 'பேரன்' என்ற சொல்லே பெயரன், அதாவது தாத்தாவின் பெயரைத் தாங்கியவன் என்பதிலிருந்து வந்ததுதான். முதலில் வேண்டிக்கொண்டவர் யார் என்பது மறந்த பிறகும், ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அந்த ஊர் திரும்பத் திரும்பப் பிறந்துகொண்டே இருக்கிறது.

ஆளிடமிருந்து பெயர் மறுபடி ஊருக்குப் போவது இன்னும் அழகு. ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்த ஒரு குழந்தைக்குச் சிதம்பரம் என்று பெயர் வைத்தார்கள். அவர்தான் வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார், அதற்காகவும் சுதந்திரத்துக்காகவும் சிறையில் செக்கிழுத்தார். 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது சிதம்பரனார் மாவட்டம் என்றுதான் அதற்குப் பெயர். 1997-ல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை எடுத்தபோது அதுவும் போயிற்று. 2011-ல் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. சோழநாட்டு ஊர் ஒன்றின் பெயர், ஒரு மனிதரின் வாழ்க்கை வழியாகப் பாண்டிநாட்டுக் கடற்கரையில் போய் நிற்கிறது.

அந்தச் சோழநாட்டு ஊருக்கும் இப்படி ஒரு பெயர் வந்து சேர்ந்திருக்கிறது. சிதம்பரம் ரயில் நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் அண்ணாமலைநகர். 1929-ல் அங்கே பல்கலைக்கழகம் அமையக் காரணமான ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் பெயர் அது. திருவண்ணாமலை மலை, ஒரு செட்டிநாட்டு மனிதராகி, சிதம்பரத்துக்குப் பக்கத்து ஊராகிவிட்டது. சென்னையில் ராஜா அண்ணாமலைபுரமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவருடைய மகள் வயிற்றுப் பேரன் ப.சிதம்பரம், முன்னாள் நிதியமைச்சர். தாத்தா அண்ணாமலை, அப்பா பழனியப்பன், மகன் சிதம்பரம். ஒரே வீட்டில் மூன்று தலங்கள்!

பெயருக்கு இவ்வளவு மரியாதை இருந்ததால் அதை வாயால் சொல்லவும் தயங்கினார்கள். கணவர் பெயரையும் மாமனார் பெயரையும் பெண்கள் சொன்னதில்லை. அதனால் தாத்தா பெயர் வைத்த பிள்ளையைப் பெற்றவளே 'ராசா' என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பெரியம்மா இதில் ஒருபடி மேல். கணவர் பெயர் என்பதால் ஊரின் பெயரைக்கூடக் கடைசிவரை சொன்னதில்லை. ஆருத்ரா தரிசனத்துக்குக் கிளம்பிப் பேருந்தில் ஏறியதும், "நடராசர் ஊருக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க தம்பி" என்பார்.

"சிதம்பரமாம்மா?" என்று கண்டக்டர் கேட்பார். பெரியம்மா தலையை மட்டும் ஆட்டுவார்.